லேட்டாகும், நீ சாப்பிட்டுப் படு

எங்கள் வீட்டில் அண்ணன் பங்குக்கும் சேர்த்து நான்தான் பேசினேன். அவனுக்கு வாயில் கொழுக்கட்டை. கேட்டால் தலையாட்டுவான், அதுவும் ஆமாவா இல்லையா என்று அவனைப் பெற்றவளுக்கே புரியாது. எனக்கு அவன் வைத்த பெயர் கடுகு. சூடு பட்டால் வெடிப்பேனாம். வாயைத் திறந்து அவன் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான். அவன் காணாமல் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை ஒரு குளிர்பதனக் கிடங்கில். மருந்து, பழம், ஐஸ்கிரீம் என்று வெளியே வைத்தால் கெட்டுப்போகும் எல்லாவற்றையும் அறை அறையாக அடைத்துக் குளிர வைத்திருக்கும் இடம். எந்த அறையில் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று நாள் முழுக்கக் கவனித்து, கூடினால் குறைந்தால் கூவுகிற புரோகிராமை எழுதியது அண்ணன். பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்தான். அவன் போன பிறகு அதைப் படித்துப் பார்க்க மேனேஜர் யார் யாரையோ கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் அரை மணி நேரம் பார்த்துவிட்டுத் தலைவலி மாத்திரை கேட்டாராம். கடைசியில் இதே தொழிலில் இருக்கும் என்னைத் தேடி வந்தார். ரத்த சம்பந்தம் இருந்தால் புரியும் என்று நினைத்திருப்பார். பழைய கம்ப்யூட்டர் மெஷினில் இருப்பதைப் புது மெஷினுக்கு மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான் என் வேலை.

அந்த மெஷின் இருக்கும் அறையைச் சொல்ல வேண்டும். குளியலறை அளவுதான் இருக்கும். ஒரு பக்கச் சுவருக்குப் பின்னால் மருந்து அறை. அதனால் அந்தச் சுவர் எப்போதும் வேர்த்துக்கொண்டே இருக்கும், கை வைத்தால் ஈரம். குளிர்விக்கும் மோட்டார்களின் ஓசை தரை வழியாகக் காலுக்குள் ஏறும். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் அண்ணனுடைய சாம்பல் நிற ஸ்வெட்டர் தொங்கியது. அதை எடுத்துப் போடவோ தூக்கி எறியவோ அந்தக் கிடங்கில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. நானும் முதலில் தொடவில்லை. பிறகு குளிர் தாங்காமல் போட்டுக்கொண்டேன். முழங்கைப் பக்கம் அவன் மேசையில் ஊன்றி ஊன்றித் தேய்ந்த இடம் என் முழங்கைக்குச் சரியாகப் பொருந்தியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

புரோகிராம் இரண்டு துண்டாக இருந்தது. ஒன்றுக்குக் 'காது' என்று பெயர் வைத்திருந்தான், இன்னொன்றுக்கு 'வாய்'. பேசாத மனுஷன் வாய் என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறானே என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன். காது ஒவ்வோர் அறையின் குளிரையும் கேட்டுக்கொண்டு வரும். கேட்டு முடித்ததும் வாயிடம் ஒப்படைக்கும். வாய் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட்டு மறுபடி காதிடம் ஒப்படைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க அந்தக் கிழட்டு மெஷினில் இடம் கிடையாது.

இப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக பெர்லில் இரண்டு வழி உண்டு. சிஸ்டம் என்று ஒன்று. அது ஆளைக் கடைக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்பதுபோல. போனவர் திரும்பி வந்த பிறகுதான் அடுத்த வேலை. இன்னொன்று எக்ஸெக். அதில் அனுப்புவது, காத்திருப்பது எதுவும் இல்லை. கூடு விட்டுக் கூடு பாய்வது என்பார்களே, அதுதான். காது இருந்த உடம்பில் காது காலி, அதே உடம்பில் வாய் உட்கார்ந்திருக்கும். ஓடுகிற புரோகிராமுக்கு மெஷின் கொடுத்த அடையாள எண்கூட மாறாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே ஆள்தான் ஓடிக்கொண்டிருப்பது போலத் தெரியும். உள்ளே ஆள் மாறி மாறி வருவது தெரியாது. அண்ணன் எழுதியது இந்த இரண்டாவது வழி. எக்ஸெக்கில் போனது திரும்பாது. அதனால் அந்த வரிக்குக் கீழே எது எழுதியிருந்தாலும் அது செத்த எழுத்து. எங்கள் தொழிலில் யாரும் அதைப் படிக்க மாட்டோம். நானும் படிக்கவில்லை.

மேலே இருந்ததைப் படித்ததே போதுமாக இருந்தது. வரிகளுக்கு நடுவே அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட குறிப்புகள் கிடந்தன. 'இங்கே கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோ' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தான். மெஷின் சற்று நேரம் நிற்க வேண்டிய இடம் அது. நான் அதைப் படிக்கும்போதெல்லாம் என்னையறியாமல் ஒரு மூச்சு இழுத்துவிடுவேன். பின்னால் யாரோ நின்று என்னோடு சேர்ந்து இழுப்பது போல இருக்கும். திரும்பிப் பார்த்தால் வேர்த்த சுவர்தான் நிற்கும்.

ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல், இது எந்தத் தேதியிலிருந்து நிற்காமல் ஓடுகிறது என்று மெஷினைக் கேட்டேன். பதில் வந்ததும் உடம்பெல்லாம் புல்லரித்தது. அண்ணன் காணாமல் போன அதே தேதி.

சரக்கறைக்காரரிடம் ஓடினேன். கோடையிலும் கம்பளித் தொப்பியைக் கழற்றாதவர் என்பதால் அவருக்குக் கம்பளி என்றே பெயர். அவர் கொஞ்சமும் அதிர்ச்சி அடையவில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும்மா. அவர் இருந்தப்ப இது மாசத்துக்கு ரெண்டு தடவையாவது மக்கர் பண்ணும். அவர் போனதுலேர்ந்து ஒரு தும்மல்கூட கிடையாது. என்ன அர்த்தம்? மனுஷன் எங்கயும் போகல. உள்ளதான் சுத்திக்கிட்டு இருக்கார்."

"உளறாதீங்க" என்றேன். ஆனால் அறைக்குத் திரும்பும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். என்னை நானே என்ன சொல்ல!

இப்போது அண்ணிக்கு வருகிறேன்.

அண்ணன் காணாமல் போன அன்று சாயங்காலம் அண்ணிக்கு அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. வழக்கம்போல ஆபீஸ் நம்பரிலிருந்து. 'கோச்சுக்காத கண்ணு. வேலை முடியல. கண்டிப்பா வந்துடுவேன்.' அதன் பிறகு அவன் வரவில்லை. கிடங்கில் எல்லோரும் போன பிறகும் அவன் பின்கதவு வழியாக வந்து போய்க்கொண்டிருப்பவன், அதனால் எப்போது கிளம்பினான் என்று யாரும் பார்க்கவில்லை. வண்டி மட்டும் ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் கிடைத்தது. வீடு ஒரு பக்கம், ஸ்டேஷன் அதற்கு எதிர்ப்பக்கம். யாரோ வழிமறித்து வண்டியைப் பறித்து அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள் என்று அண்ணி முடிவு செய்தார். போலீஸ்காரர் வேறு மாதிரி இழுத்தபோது அண்ணி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வந்துடுவேன்னு சொல்லியிருக்கார் சார். கண்டிப்பான்னு போட்டிருக்கார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைக் கண்ணுன்னு ஒரு தடவை வாயால சொன்னதில்ல. எழுத்துலதான் வரும். அன்னிக்கும் எழுதியிருக்கார். வர்றதா இருந்த மனுஷன் சார் அவர்."

அந்த ஒரு மெசேஜை வைத்துக்கொண்டு அண்ணி மூன்று வருடம் ஓட்டிவிட்டார். எங்கேயோ அடிபட்டு நினைவு தப்பிக் கிடக்கிறார், யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள், ஒருநாள் கதவைத் தட்டுவார். வாடகை வீட்டை மாற்றவில்லை, பூட்டை மாற்றவில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் தட்டைத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைப்பார். அண்ணி மருந்தாளர், கைராசிக்காரர். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல வேலை, தங்க இடத்தோடு, இரண்டு முறை தேடி வந்தும் போகவில்லை. "நான் போயிட்டா அவர் எங்க வந்து தட்டுவார்?" என்பார். உயிரோடு ஒரு பொம்பளை பேய் மாதிரி அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தார். பேயாக வேண்டியவன் எங்கேயோ இருக்க, இவர் ஆகிவிட்டார்.

மூன்றாவது முறையாக அந்த வேலை வந்தபோது நான் விடவில்லை. அழுதேன், கத்தினேன், ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். என்னால் ஒரு வாரம் பேசாமல் இருக்க முடியும் என்று பார்த்துப் பயந்தோ என்னவோ, அண்ணி சரி என்றார். வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவியைக் கீழ்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. பெட்டிகளை நானே கட்டினேன்.

புதன்கிழமை மதியம் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வாயைப் புது மெஷினுக்கு நகல் எடுக்க வேண்டும். நகல் எடுக்கும் கட்டளைக்கும் நகர்த்தும் கட்டளைக்கும் இரண்டே எழுத்துத்தான் வித்தியாசம். கை பழக்க தோஷத்தில் நகர்த்திவிட்டேன். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது செய்து தலையில் அடித்துக்கொண்ட தப்புதான். பழைய இடத்தில் வாய் இல்லை. காது கேட்டு முடித்து, வழக்கம்போல வாய்க்குள் பாயப் போய், பாய இடமில்லாமல் விழுந்தது. திரையில் அந்த எண் காணாமல் போயிற்று.

உடனே வாயைப் பழைய இடத்தில் வைத்துக் காதை மறுபடி ஓட விட்டேன். சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடியது. ஆனால் புது எண், புது தேதி. மூன்று வருடமாக நிற்காமல் ஓடியதை ஒரு விரல் தட்டில் நிறுத்திவிட்டேன். ஸ்வெட்டர் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் அண்ணன் செத்தது போல இருந்தது.

அழுகை நிற்பதற்குள் போன் அடித்தது. அண்ணி.

"கடுகு" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை. "உங்க அண்ணன் மெசேஜ் பண்ணியிருக்கார்."

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் பாதிப் பெட்டிகள் பிரிந்து கிடந்தன. திரைச்சீலை மறுபடி ஜன்னலில் ஏறியிருந்தது. அடுப்பில் இருவருக்குச் சமைத்திருந்தார். கவிழ்ந்தே கிடந்த தட்டு நிமிர்ந்திருந்தது. அண்ணி தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தார். அந்தக் கோலத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

போனை என் கையில் கொடுத்தார். 'இன்னைக்கு வர லேட்டாகும். சாப்பிட்டுப் படு.'

"பாத்தியா? அதே மாதிரி. அவர் எப்பவும் எழுதுற மாதிரியே. எத்தனை மெசேஜ் வந்திருக்கு இந்த மாதிரி! நான் சொன்னேன்ல, வருவார்னு."

"அண்ணி, இது ஆபீஸ் நம்பர்…"

"அவர் எப்பவும் அதுலேர்ந்துதானே அனுப்புவார்? நீ அங்க இருக்கியே, உன் கண்ணுல படலையா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். நான் அங்கே இருக்கும்போது அவன் பக்கத்து அறையில் இருந்து, நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்பது போல.

மெசேஜ் வந்த நேரத்தைப் பார்த்தேன். மெஷின் விழுந்த நேரமும் இந்த மெசேஜ் வந்த நேரமும் ஒன்று. போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடப் போறேன்" என்றார் அண்ணி. "கோச்சுக்காத. நீயும் எனக்காகத்தான் அலைஞ்சே."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க அண்ணி. அதுக்கு முன்னாடி என்கூட ஆபீஸுக்கு வாங்க. ஒரே ஒரு தடவை."

அவன் இருந்த இடத்தைப் பார்க்கக் கூப்பிடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, உடனே தலையாட்டினார்.

மறுநாள் காலை சீக்கிரமே போய் உட்கார்ந்தேன். காதைத் திறந்து, எக்ஸெக் வரிக்குக் கீழே, யாரும் படிக்காத அந்த இடத்துக்கு இறங்கினேன். பாய்ச்சல் ஜெயித்தால் கீழே உள்ள வரிகள் செத்த எழுத்து. தோற்றால் மட்டும் அவற்றுக்கு உயிர் வரும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை.

கீழே இரண்டு போன் நம்பர் இருந்தன. ஒன்று அவனுடையது, மெஷின் நின்றுவிட்டது வா என்று கூப்பிட. இன்னொன்று அண்ணியுடையது. அண்ணிக்கு அனுப்ப மூன்று வாக்கியம் எழுதி வைத்திருந்தான். 'ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். காத்திருக்காதே.' 'இன்னைக்கு வர லேட்டாகும். சாப்பிட்டுப் படு.' மூன்றாவது, 'கோச்சுக்காத கண்ணு. வேலை முடியல. கண்டிப்பா வந்துடுவேன்.' இந்த மூன்றில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். ஒன்றையே திரும்பத் திரும்ப அனுப்பினால் மெஷின் என்று தெரிந்துவிடும் அல்லவா!

"அடப்பாவி!" என்று சத்தமாகவே கத்திவிட்டேன். வெளியே கம்பளி ஓடிவந்து எட்டிப் பார்த்தார். பெண்டாட்டியோடு பேச வேண்டிய ரெண்டு வார்த்தையைக்கூட மெஷினிடம் ஒப்படைத்துவிட்டிருக்கிறானே! நியாயமாகப் பார்த்தால் பொய்யும் இல்லை. மெஷின் நின்றால் அவன் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும், லேட்டாகத்தான் செய்யும். அதற்காக இப்படியா? அந்தக் 'கண்ணு' குலுக்கலில் விழுந்த கண்ணு. அதைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி மூன்று வருடம் உட்கார்ந்திருந்தார்.

சொல்லாமல் விட்டால் அண்ணி அந்தத் தட்டுக்கு முன்னாலேயே கிழவியாகிவிடுவார். சொன்னால் அவரிடம் இருக்கும் ஒரே சொல்லையும் பிடுங்கிக்கொள்கிறேன். எதுவாக இருந்தாலும் என் வாயால் சொல்வதைவிட அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று தோன்றியது.

அண்ணி வந்தார். அறை வாசலில் கொஞ்சம் தயங்கினார். என் மேல் இருந்த ஸ்வெட்டரைப் பார்த்து அதன் தோளைத் தொட்டார். நாற்காலியில் உட்கார வைத்தேன். கம்பளி மரியாதைக்கு வாசலில் நின்றார்.

"போனைக் கையில வெச்சுக்கோங்க அண்ணி" என்றேன். "நான் இப்ப ஒண்ணு பண்ணப் போறேன். பேசாம பாருங்க."

வாயை வேண்டுமென்றே நகர்த்தி வைத்தேன். காது தன் பாட்டுக்கு அறை அறையாகக் கேட்டுக்கொண்டு வந்தது. பழ அறை, ஐஸ்கிரீம் அறை, மருந்து அறை. தரையில் மோட்டார் ஓசை. மூச்சு வாங்கும் இடத்தில் நின்றது, நாங்களும் நின்றோம். பிறகு பாய்ந்தது. பாய இடமில்லை.

அண்ணியின் கையில் போன் அதிர்ந்தது. 'ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். காத்திருக்காதே.'

அண்ணி சடாரென்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே கம்பளியைத் தவிர யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகத்தில் இருந்த ரத்தம் மெல்ல மெல்ல இறங்கியது.

"மறுபடி பண்ணு" என்றார்.

பண்ணினேன். 'இன்னைக்கு வர லேட்டாகும். சாப்பிட்டுப் படு.'

"மறுபடி."

"வேண்டாம் அண்ணி."

"பண்ணுன்னு சொல்றேன்ல?"

ஓட விட்டேன். சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன், அது மட்டும் விழக் கூடாது என்று. விழுந்தது. 'கோச்சுக்காத கண்ணு. வேலை முடியல. கண்டிப்பா வந்துடுவேன்.'

அண்ணி அதைப் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை அவருக்கு. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அறையில் குளிர் ஏறிக்கொண்டே போனது. எங்கள் மூவரையும் தவிர நாலாவதாக ஒருவன் சுவரோரம் நின்று தலையைக் குனிந்துகொண்டிருப்பது போல எனக்கு இருந்தது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது.

வாயைச் சரியான இடத்தில் வைத்துக் காதை ஓட விட்டேன். அண்ணி அழுவார், மயங்குவார், என்னை அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் மருந்துச் சீட்டைப் படிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கும் இப்படித்தான் நின்னுச்சா?" என்றார்.

"நின்னாதான் அண்ணி மெசேஜே போகும்."

"நின்னது தானா எழுந்துக்குமா?"

"எழுந்துக்காது. இப்ப நான் பண்ணினேன்ல, அந்த மாதிரி யாராவது வந்து ஓட விடணும்."

"அன்னிக்கு யார் ஓட விட்டா?"

அண்ணி வாசல் பக்கம் திரும்பினார். "அண்ணே, மறுநாள் காலையில நீங்க வந்தப்ப இது ஓடிச்சா?"

"ஜம்முனு ஓடிச்சும்மா" என்றார் கம்பளி. "அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. இவங்க கை வெச்ச அன்னிக்கு வரைக்கும்."

அந்தத் தேதி என் கண் முன்னால்தானே இருந்தது! எவ்வளவு முறை பார்த்துப் பார்த்துப் புல்லரித்தேன்! அன்று சாயங்காலம் நின்ற மெஷின், அன்றைக்கே மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது. அதை ஓட வைக்கத் தெரிந்தவன் அந்தக் கிடங்கில் ஒருவன்தான். ஆவி, அமானுஷ்யம் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தது ஒரு மனுஷன் வந்து உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுப் போன தடத்தைப் பார்த்து.

"அது முன்னெல்லாம் அடிக்கடி நிக்குமாமே" என்றார் அண்ணி. "மெசேஜும் வந்துக்கிட்டே இருக்கும். அப்புறம் ஏன் நிக்கல?"

எனக்குத் தெரியும். அந்தப் பகுதியை முதல் வாரமே படித்திருந்தேன். பழைய கணக்குகள் சேர்ந்து சேர்ந்து மெஷினின் வயிறு முட்டும், முட்டினால் வாய்க்குள் பாய முடியாமல் காது விழும். அண்ணன் ஒவ்வொரு முறையும் கையால் துடைத்துவிட்டு ஓட விடுவான். ஆனால் காதின் தலைப்பில், பழையதைத் தானே துடைத்துக்கொள்ளும்படி கொஞ்சம் வரிகள் பிற்பாடு சேர்க்கப்பட்டிருந்தன. நேர்த்தியான வரிகள். அவசரமில்லாமல் எழுதியவை. அந்தக் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்டதும் அதே நாள்தான்.

சொன்னேன். வேறு வழியில்லை.

அண்ணி மெல்ல மெல்ல, தனக்கே சொல்வது போலச் சொன்னார். "அப்போ அந்த மெசேஜ் எனக்கு வந்தப்புறம் இங்க வந்திருக்கார். இல்ல, இங்கயே இருந்திருக்கார். இந்த நாற்காலில உட்கார்ந்து, இனிமே யாரும் தன்னைக் கூப்பிட வேண்டாத மாதிரி எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணியிருக்கார்."

"அண்ணி, அதுக்கப்புறம் வழியில ஏதாவது…"

"வண்டி எங்க கிடைச்சுது?"

"ஸ்டேஷன் ஸ்டாண்ட்ல" என்றேன்.

"மெஷினுக்கு ஒரு வழி பண்ணிட்டுத்தான் போயிருக்கார்" என்றார் அண்ணி.

கம்பளி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அவர் தலையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஸ்டேஷனில் வண்டியைப் பூட்டிவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, டிக்கெட் வாங்க வரிசையில் நின்ற ஒருவனை எப்படி மன்னிப்பது? என்ன மனக்கஷ்டமோ, யாருக்குத் தெரியும்? அவன்தான் வாயே திறக்க மாட்டானே.

"இதெல்லாம் மொத்தமா அழிச்சுடவா அண்ணி?" என்றேன். பற்களைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன். "புதுசா நானே எழுதிக்கிறேன். ஒரு வரி மிச்சம் வைக்க மாட்டேன்."

"எதுக்கு? அது அதோட வேலையைப் பண்ணுது. மருந்தெல்லாம் இருக்கு உள்ள." போனை எடுத்துப் பைக்குள் போட்டார். "என் நம்பரை மட்டும் அதுலேர்ந்து எடுத்துடு."

காதைத் திறந்தேன். கீழே இறங்கினேன். அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய எண்ணின் மேல் வந்து நின்று, ஒவ்வோர் இலக்கமாக அழித்தேன். மூன்று வாக்கியங்களும் அங்கேயே இருந்தன, அனுப்ப ஆள் இல்லாமல். சேமித்தேன். காது கேட்டு முடித்து வாய்க்குள் பாய்ந்தது. எங்கேயும் மணி அடிக்கவில்லை.

அண்ணி கதவு வரை போய்த் திரும்பினார்.

"அந்த ஸ்வெட்டரைக் கழட்டிப் போட்டுட்டு வா கடுகு" என்றார். "வீட்ல பாதிப் பெட்டி பிரிஞ்சு கிடக்கு. விடிஞ்சா சாவி குடுக்கணும்."

கழற்றி ஆணியில் மாட்டினேன். வெளியே வெயில் சுள்ளென்று இருந்தது. அண்ணி எனக்காக நிற்காமல் நடந்துகொண்டிருந்தார், நான் ஓடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.